ஆழம் சொல்ற ஆளை முதல்ல போடுங்க (நூலகர் தின விழாவுல பேசினதோட எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கற தாளாளர் ஐயா அவர்களே, ஹால் குடுத்து மதிய சாப்பாட்டுக்கும் ஏற்பாடு பண்ணியிருக்கற முதல்வர் அம்மா அவர்களே, எனக்கு முன்னாடி ரொம்ப அழகா பேசி உக்காந்திருக்கற பல்கலைக்கழக ஆய்வுத்துறை இயக்குநர் ஐயா அவர்களே, மூணு மாவட்டத்துல இருந்து பஸ் புடிச்சு வந்திருக்கற நூலகர் சங்கத்து சொந்தங்களே, பின்னாடி நின்னுகிட்டே கேக்கற ஆய்வு மாணவ மாணவிகளே, முன்னாடி நாலு நாற்காலி காலியா இருக்கு, வந்து உக்காருங்கப்பா. தாளாளர் ஐயா இந்த காலேஜ் லைப்ரரிக்கு தனி கட்டிடம் கட்டிக் குடுத்தவர், அதை இந்த மேடையில சொல்லாம நான் பேச்சை ஆரம்பிக்க முடியாது, அவருக்கு ஒரு தடவை கை தட்டிடுங்க.

ஆய்வு இதழ்களோட நெறிமுறை, இதான் எனக்கு குடுத்த தலைப்பு. நாலு விஷயம் சொல்லலாம்னு வந்திருக்கேன். ஒண்ணு போலி ஜர்னல், அதாவது ஒழுங்கா சரிபாக்காம பணத்துக்காக கட்டுரை போடற ஆய்வு இதழ். ரெண்டு, பேப்பர்ல யார் பேரை போடலாம் யார் பேரை போடக்கூடாதுங்கறது. மூணு, ரிவியூ பண்றவங்களோட கடமை, ரிவியூன்னா வர்ற கட்டுரையை வெளியிடறதுக்கு முன்னாடி அந்தத் துறை ஆளுங்க படிச்சு சரிபாக்கறது. நாலு, தப்புன்னு தெரிஞ்ச பேப்பரை வாபஸ் வாங்கறது. எங்க ஊர்ப்பக்கம் பெரியவங்க அடிக்கடி சொல்ற பழமொழி ஒண்ணு உண்டு, ஆழம் தெரியாம காலை விடாதே. இன்னிக்கு பூரா இதை திருப்பித் திருப்பி சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கதை, நிஜமா நடந்தது. 2013ல ஜான் பொஹானன்னு ஒரு பத்திரிகையாளர், அமெரிக்காவுல வர்ற சயின்ஸ் இதழுக்காக ஒரு வேலை பண்ணினார். பொய்யா ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை தயார் பண்றார். பாறையில மரத்துல ஒட்டி வளருமே லைக்கன், அதுல இருந்து ஒரு மருந்துப்பொருள் எடுத்தேன், அது கேன்சர் செல் வளர்றதை தடுக்குதுன்னு கட்டுரை. லைக்கன் பேரு, மருந்து பேரு, கேன்சர் செல் பேரு இந்த மூணை மட்டும் கம்ப்யூட்டர் மாத்தி மாத்தி போட்டு நூத்துக்கணக்குல கட்டுரை தயார் ஆயிடுச்சு. எழுதினவங்க பேரு எல்லாம் கற்பனை, வேலை பாக்கற ஆராய்ச்சி நிலையமும் கற்பனை, உலக மேப்ல தேடினாலும் கிடைக்காது. அதுக்கு மேல ஒண்ணு பண்ணினார் பாருங்க, இங்கிலீஷ் ரொம்ப சுத்தமா இருந்தா சந்தேகம் வந்துடும்னு, கட்டுரையை கூகுள்ல போட்டு பிரெஞ்சுக்கு மாத்தி, மறுபடி இங்கிலீஷுக்கு கொண்டு வந்து, பெரிய பிழைய மட்டும் திருத்தி அனுப்பினார். கட்டுரைக்குள்ள தப்பு வேணும்னே வச்சது. மருந்து அளவு கூடக்கூட செல் வளர்ச்சி குறையுதுன்னு எழுத்துல இருக்கு, கிராஃபை பாத்தா எந்த அளவு குடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கு. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படிச்ச பையன் கண்டுபிடிச்சிடுவான். இதை 304 ஜர்னலுக்கு அனுப்பினார். எத்தனை பேர் ஏத்துக்கிட்டாங்க தெரியுமா? யாராவது சொல்லுங்க... அம்பதா? இல்லம்மா. 157. பாதிக்கும் மேல. தள்ளுபடி பண்ணினது 98 தான். மீதி சிலது கடையை மூடிட்டு போன வெப்சைட்டு, சிலது இன்னும் ரிவியூல இருக்குன்னு சொல்லிடுச்சு. சரி, கட்டுரையில அறிவியல் தப்பு இருக்குன்னு உருப்படியா ரிவியூ வந்தது எத்தனைன்னு பாத்தா, 304ல வெறும் 36. அந்த 36லயும் 16 கட்டுரையை, தப்பு இருக்குன்னு தெரிஞ்சும், எடிட்டர் ஏத்துக்கிட்டார்! ஒரு கேன்சர் நோயாளி அந்த பேப்பரை நம்பினா என்ன ஆகும், அந்த பேப்பரை வச்சு இன்னொருத்தர் அடுத்த ஆராய்ச்சியை ஆரம்பிச்சா என்ன ஆகும், கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.

அந்த 304ல கொஞ்சம் ஜர்னல், ஜெஃப்ரி பீல்னு ஒருத்தர் இது மோசமான கும்பல்னு முன்னாடியே பட்டியல் போட்டு வச்சிருந்தது. அந்த பட்டியல்ல இருந்து ரிவியூ முடிச்சு பதில் சொன்ன ஜர்னல்ல 82 சதவீதம் இந்த பொய்க் கட்டுரையை ஏத்துக்கிச்சு. அப்போ பட்டியல் போட்டவர் சொன்னது எவ்ளோ சரி! யாரு அந்த ஜெஃப்ரி பீல்? சயின்டிஸ்ட்டா? வைஸ் சான்சலரா? இல்லைங்க. கொலராடோ பல்கலைக்கழகத்தோட டென்வர் வளாகத்துல வேலை பாத்த லைப்ரரியன்! அந்த லைப்ரரியன் தன் மேஜையில உக்காந்து, வர்ற மெயிலை எல்லாம் ஒண்ணொண்ணா படிச்சு உலகத்துக்கே ஆழம் அளந்து சொன்னார். 2017 ஜனவரியில அந்த பட்டியலை எடுத்துட்டாங்க, அதுவரைக்கும் உலகம் பூரா ஆய்வு மாணவர்களுக்கு அதான் துணை.

நம்ம ஊருக்கு வருவோம். 2018 மே மாசம் யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, தன்னோட அங்கீகாரப் பட்டியல்ல இருந்து 4,305 ஜர்னலை ஒரேயடியா தூக்கினாங்க. அவங்க பட்டியல்லயே அத்தனை இருந்துச்சு, அதை நம்பி பேப்பர் போட்ட பிள்ளைங்க கதி என்ன? அப்புறம் கேர் லிஸ்ட்னு புதுசா ஒரு ஜர்னல் பட்டியல் கொண்டு வந்தாங்க, அதையும் 2025 பிப்ரவரியில நிறுத்தியாச்சு. மாதிரி அளவுகோல்னு கொஞ்சம் குடுத்துட்டு, இனிமே எது நல்ல ஜர்னல்னு அந்தந்த காலேஜும் பல்கலைக்கழகமுமே முடிவு பண்ணிக்கணும்னு சொல்லிட்டாங்க. சரி, காலேஜ்ல யார் முடிவு பண்றது? கைடுக்கு வகுப்பு இருக்கு, பேப்பர் திருத்தணும், காலேஜோட தரத்தை மதிப்பிடற நாக் குழுவுக்கு ஃபைல் ரெடி பண்ணணும். மாணவனுக்கோ தீசிஸ் முடிக்கற அவசரம். அந்த நேரத்துல பாத்து ஒரு மெயில் வரும், மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களேன்னு ஆரம்பிச்சு, மூணு நாள்ல பப்ளிஷ் பண்றோம், சர்டிபிகேட்டும் தர்றோம், பணத்தை மட்டும் போன்ல அனுப்புங்கன்னு. ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்கேன்னு பிள்ளை நம்பிடும். ஐஎஸ்எஸ்என் வெறும் அடையாள நம்பர்தான், தரத்துக்கு அது சாட்சி இல்ல. இம்பாக்ட் ஃபேக்டர்னு ஒரு எண் போட்டிருப்பான், ஜர்னல் கட்டுரைகளை மத்தவங்க எவ்ளோ மேற்கோள் காட்டறாங்கன்னு சொல்ற எண் அது, அதைக் கணக்கு போடற க்ளாரிவேட் நிறுவனம் தந்ததான்னு பாக்கணும். பேரு கேட்ட நல்ல ஜர்னலுக்கே அதே பேர்ல போலி வெப்சைட் வச்சு பணம் வாங்கறவங்களும் இருக்காங்க. கோப் அமைப்போட லோகோ ஒட்டியிருப்பாங்க, 1997ல இங்கிலாந்துல மருத்துவ ஜர்னல் எடிட்டர்ங்க சேந்து ஆரம்பிச்ச நெறிமுறை அமைப்பு அது, லோகோவை யார் வேணும்னாலும் காப்பி அடிச்சு ஒட்டலாம், உண்மையிலயே உறுப்பினரான்னு கோப் தளத்துக்குள்ள போய் பேரைத் தேடணும். ஹைதராபாத்ல இருந்து நடந்த ஓமிக்ஸ்ங்கற ஜர்னல் நிறுவனத்து மேல அமெரிக்க அரசோட வர்த்தக ஆணையம் வழக்கு போட்டு, 2019ல அங்க கோர்ட் 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லுச்சு. ரிவியூ பண்றோம்னு சொல்லி ஏமாத்தினது, சம்மதம் கேக்காம பெரிய ஆளுங்க பேரை எடிட்டரா போட்டது, கட்டணத்தை மறைச்சதுன்னு பல குத்தம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்றோம், சரி, ஆழம் சொல்ல ஆளை வச்சிருக்கோமா?

ரெண்டாவது விஷயம், பேரு போடறது. வேலையில பங்கு எடுக்காதவர் பேரு பேப்பர்ல வரக்கூடாது, எழுதினதுக்கு பொறுப்பு ஏத்துக்காதவர் பேரும் வரக்கூடாது, மருத்துவ ஜர்னல் எடிட்டர்களோட சர்வதேச குழு இதை தெளிவா எழுதி வச்சிருக்கு. துறைத்தலைவர்ங்கறதுக்காக பேரு சேக்கற பழக்கம் போகணும். மூணாவது, ரிவியூ கடமை, அதுக்கு முதல்ல சொன்ன கதையே போதும். நாலாவதுக்கு ஒரே உதாரணம், லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல 1998ல வந்த டாக்டர் வேக்ஃபீல்டோட கட்டுரை, வெறும் 12 குழந்தைங்களை வச்சு, தட்டம்மைக்கும் சேத்துப் போடற தடுப்பூசிய ஆட்டிசத்தோட முடிச்சுப் போட்டு பயத்தை கிளப்பினது, அதை முழுசா வாபஸ் வாங்க 2010 ஆச்சு. எத்தனை பெத்தவங்க பயந்து ஊசி போடாம விட்டாங்க, அம்மை திரும்ப பரவுச்சு. தலைவர் சீட்டு அனுப்பிட்டார், நேரம் ஆச்சுன்னு, நான் எதுக்கு வந்தேனோ அதை சொல்லிடறேன்.

சீர்காழியில பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் ஐயா, பிரெசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924ல மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகர் ஆனார். வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துன்னு 1931லயே விதி எழுதினார். அவர் பேர்ல இன்னிக்கு விழா எடுக்கறோம். ஆனா நான் போய்ப் பாத்த எத்தனையோ காலேஜ்ல லைப்ரரியன் நாற்காலி காலி, வேற துறை ஆசிரியர் கூடுதல் பொறுப்பா சாவியை மட்டும் வச்சிருக்கார். அடுத்தவங்க எழுத்தை எத்தனை சதவீதம் காப்பி அடிச்சிருக்குன்னு பாக்கற சாஃப்ட்வேரை ஓட்டறது யாரு? இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களை சேத்து வைக்கற சோத்கங்கா இணையதளத்துல தீசிஸ் ஏத்தறது யாரு? இந்த ஜர்னல் சரியா சார்னு கேட்டு வர்ற பிள்ளைக்கு அரை மணி நேரம் உக்காந்து தேடிக் குடுக்கறது யாரு? யூஜிசி 2018ல கருத்துத் திருட்டு விதி போட்டாங்களே, 10 சதவீதம் வரைக்கும் பரவால்ல, 60க்கு மேல போனா ஆய்வுப் பதிவே ரத்துன்னு, அந்த சதவீதத்தை படிச்சு, எது மேற்கோள் எது திருட்டுன்னு பிரிச்சு சொல்ல பயிற்சி உள்ள ஆள் வேண்டாமா? மெஷின் சொன்ன நம்பரை அப்படியே எடுத்து ஒரு பிள்ளையோட நாலு வருஷ உழைப்பை தள்ளிவிடறது எந்த ஊர் நியாயம்?

அதனால கேக்கறேன், ஒவ்வொரு காலேஜ்லயும் முழுநேர நூலகர் வேணும், தகுதி உள்ளவரை நிரந்தரமா போடணும், பேப்பர் அனுப்பறதுக்கு முன்னாடி அவர் ஜர்னலை சரிபாத்து கையெழுத்து போடற முறை வரணும். தாளாளர் ஐயா, உங்க கல்லூரிகள்ல இதை முதல்ல ஆரம்பிச்சு வைங்க, மத்தவங்களும் வருவாங்க. இயக்குநர் ஐயா, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுல ஒரு வார்த்தை பேசுங்க. உயர்கல்வித் துறைக்கு அனுப்பற மனு வெளிய பதிவு மேஜையில இருக்கு, நூலகர்ங்க மட்டும் இல்ல, ஆய்வு மாணவர்களும் கையெழுத்து போடணும், பேரும் துறையும் தமிழ்ல எழுதினா போதும். சாப்பாட்டுக்கு போறதுக்கு முன்னாடி போட்டுட்டு போங்க. நன்றி, வணக்கம்.