நம் இரத்தம் வேண்டும், ஆனால் கடிக்கத் தெரியாது

வணக்கம் நேயர்களே. கொசுவைப் பற்றிப் பேசினாலே கை தன்னால் சொறியப் போகும். இன்று கொசுவைத் தின்னும் ஒரு சிலந்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எவார்கா குலிசிவோரா. ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா பக்கம், விக்டோரியா ஏரியைச் சுற்றி இருக்கிறது. வலை கட்டி உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை, பார்த்துப் பதுங்கிப் பாய்கிற ரகம். வளர்ந்தாலும் சுமார் 5 மில்லிமீட்டர்தான்.

கொசு தின்னும் சிலந்தி எத்தனையோ உண்டு, இதில் என்ன அதிசயம் என்பீர்கள். இதற்குப் பிடித்தது இரத்தம். ஆனால் நம் தோலைத் துளைக்க இதன் வாயால் முடியாது. அதனால் நம்மைக் கடித்து வயிறு புடைத்த பெண் கொசுவாகப் பார்த்துப் பிடிக்கிறது. அந்த ஏரிக்கரையில் கொசு மாதிரியே இருக்கும் கடிக்காத பூச்சிகள் மேகம் மேகமாக எழும்பும், சுவரெல்லாம் அப்பிக் கிடக்கும், அத்தனைக்கும் நடுவில் இரத்தம் குடித்த கொசுவைக் கண்ணாலும் கண்டுபிடிக்கும், வாசனை மட்டும் கிடைத்தாலும் கண்டுபிடிக்கும். ராபர்ட் ஜாக்சனும் அவர் குழுவினரும் கென்யாவின் இம்பிட்டாவில் ஆராய்ந்து 2005-இல் இதை வெளியிட்டார்கள்.

கொசுவிலும் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ்தான் முதல் தேர்வு. அது உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும் இல்லையா, குட்டிச் சிலந்திகள் அதைப் பார்த்துவிட்டு, நேராகப் போகாமல் சுற்றி வளைத்துப் பின்னால் வந்து, தூக்கிய வயிற்றுக்கு அடியில் நுழைந்து பிடிக்கும். பொடிசுதான், மூளை பாருங்கள்!

அப்புறம் இன்னொன்று. போட்டுக் கழற்றிய சாக்ஸின் வாடைக்கு இது இழுபடுவதாக 2011-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மனித வாடை இருந்தால் கொசுவும் இருக்கும், அதுதான் கணக்கு. இரத்தம் குடித்த சிலந்தியின் மேல் வரும் வாசனை ஜோடி தேடும்போதும் உதவுகிறது, ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. உண்ணிச்செடி, ஆமணக்குச் செடிகளின் வாசனையும் இதற்குப் பிடிக்கும், தேனும் குடிக்கும்.

சரி, இதை வளர்த்து விட்டால் மலேரியா ஒழியுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இது பிடிப்பது ஏற்கெனவே ஒருவரைக் கடித்துவிட்ட கொசுவை, கடிபட்டவருக்கு அதனால் பயனில்லை. ஆனால் கொசு குடித்த மலேரியாக் கிருமி அதன் உடம்பில் முற்றி அடுத்தவருக்குத் தொற்ற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சிலந்தி பிடித்துவிட்டால் அந்த அடுத்தவர் தப்பினார். அவ்வளவுதான் சொல்லலாம். கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.