கட்டையை விடுங்கள், குழலைப் படியுங்கள்

(காட்சி: மேசையில் விரித்த பழைய வேட்டி. அதன்மேல் ஒரு 0.22 ரைபிள்; 0.22 என்பது குழல் துளையின் அங்குல அளவு.)

வணக்கம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சில பழைய வீடுகளில் தாத்தா காலத்து ரைபிள் உரிமத்தோடு இன்னும் இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்தபின் வாங்கி வருவதுமாகவே அதன் காலம் ஓடுகிறது. வாரிசு பெயருக்கு மாற்றக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குக் கிளம்பும்போதுதான், அது என்ன கம்பெனி, என்ன மாடல் என்ற கேள்வி எழுகிறது. பழைய உரிமத்தில் '0.22 ரைபிள்' என்று எழுதி, ஓர் எண்ணையும் போட்டு முடித்திருப்பார்கள்.

முதலில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றுங்கள். பிறகுதான் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் தண்டை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், போல்ட்டைத் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். உள்ளே கண்ணால் பார்த்தது போதாது, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள்.

(காட்சி: போல்ட்டின் முகம், மிக அருகில்.)

தோட்டாவைக் குத்தும் ஊசி நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? இதில் போடுவது ரிம்பயர் தோட்டா. அதில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஆகவே ஊசி விளிம்பைத்தான் குத்தியாக வேண்டும்.

தோளில் பதிக்கும் மரக்கட்டையின் வடிவத்தை வைத்தே மாடல் சொல்லிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உடைந்த கட்டைக்குப் பதிலாக ஊர் ஆசாரி தேக்கில் செதுக்கிக் கொடுத்தது அதுவாக இருக்கலாம். குழலில் அடித்த முத்திரை அப்படி மாறுவதில்லை.

எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில், குழலோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஒரு சிட்டிகை சாக்குத்தூளோ திருநீறோ தடவித் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பி நிற்கும். பிறகு எண்ணெய்த் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். துரு போகிறதோ இல்லையோ, எண் போய்விடும். துப்பாக்கியின் அடையாளக் குறியை அழிப்பதை 1959 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு தடை செய்கிறது.

(காட்சி: குழலின் மேல் சிங்க முத்திரை.)

இது செக் நாட்டின் சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிப்பழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்து அடித்த குறி. அருகே உள்ள இரண்டு இலக்கம் ஆண்டு. 56 என்றால் 1956. 'பர்னோ' என்ற கம்பெனிப் பெயரும் 'மாட். 2' போன்ற மாடல் எண்ணும் பக்கத்திலேயே இருந்தால் வேலை முடிந்தது. செக்கோஸ்லோவாக்கியா என்று பொறித்திருந்தால், அந்த நாடு பிரிந்த 1993-க்கு முந்தையது.

கிரீடமும் அதன் கீழ் பி.என்.பி. என்ற எழுத்துகளும் இருந்தால் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை. 1954-இல் வந்த முறை அது. ஆனால் பழைய துப்பாக்கியையும் மறுசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். எனவே அதை வைத்துத் தயாரித்த ஆண்டைச் சொல்லிவிட முடியாது.

அமெரிக்க ரைபிள் என்றால் தலைவலி கொஞ்சம் கூடுதல். அந்நாட்டின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் மலிவான 0.22 ரைபிள்கள் பல வரிசை எண்ணே இல்லாமல் விற்கப்பட்டன. போதாக்குறைக்குச் சிலவற்றில் செய்த கம்பெனியின் பெயருக்குப் பதில் விற்ற கடையின் பெயர்தான் இருக்கும். சியர்ஸ் கடையின் ஜே.சி. ஹிக்கின்ஸ் ரைபிளில் மாடல் எண் 103 என்று தொடங்கினால், செய்தது மார்லின் கம்பெனி. உதிரி பாகம் தேடுபவர் மார்லின் பெயரில்தான் தேட வேண்டும்.

தோட்டா வகையையும் குழலில் படித்துவிடுங்கள். லாங் ரைபிள், மேக்னம் என்ற இரண்டு வகைத் தோட்டாக்களும் 0.22 என்றே அழைக்கப்பட்டாலும், மேக்னத்தின் கூடு சற்றுப் பருமனானது. ஒன்றுக்காகச் செய்த ரைபிளில் மற்றதைப் போடக் கூடாது.

மனுவை நிரப்பும்போது, குழலில் உள்ள எண்ணைப் பழைய உரிமத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். மாடல் உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகத்தை எழுதாமல், முத்திரைகளின் புகைப்படத்தை இணைத்துக் கொடுங்கள்.