கழுத்தோரக் கொப்புளங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் இளைஞர்களில் பலர் உட்கார்ந்ததும் முதலில் செய்வது, சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டுவதுதான். தாடை எலும்புக்குக் கீழே, தொண்டையின் இரு பக்கமும், கடுகளவிலும் மிளகளவிலும் கொப்புளங்கள். சில சிவந்திருக்கும், சில கறுத்துப்போயிருக்கும், ஒன்றிரண்டின் தலையில் சீழ் நிற்கும். "உடம்புச் சூடு டாக்டர், எவ்வளவு இளநீர் குடித்தாலும் அடங்கவில்லை" என்பார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருப்பார்கள். கோழிக்கறியை நிறுத்தியிருப்பார்கள். முகப்பரு என்று நினைத்து விளம்பரத்தில் வரும் சோப்பையெல்லாம் வாங்கித் தேய்த்திருப்பார்கள். எதுவும் பலிக்காமல், கடைசியில் தம்முடைய தோலே மோசமான தோல் என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள்.

அவர்களிடம் நான் உறுதியாகச் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். உங்கள் தோலில் குறை ஒன்றும் இல்லை. உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. முடியை அளவுக்கு மீறி ஒட்ட வெட்டுவதால் வருவது இது. மருத்துவத்தில் இதற்கு 'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, நடப்பது என்ன என்பது புரிந்தால் போதும்.

உருப்பெருக்கிக் கருவியைக் கொப்புளத்தின் மீது வைத்துப் பார்த்தால் ஒரு காட்சி தெளிவாகத் தெரியும். ஒரு முடி அதன் துவாரத்திலிருந்து வெளியே வந்து, சற்றுத் தூரம் வளைந்து, மறுபடியும் தோலுக்குள் புகுந்திருக்கும். இரு முனையும் தோலுக்குள், நடுப்பகுதி மட்டும் வெளியே. சுருட்டை முடி உள்ளவர்களுக்கு இது எளிதில் நடக்கிறது. முடி வளரும்போதே வளைந்துதான் வளரும். அதைப் பிளேடால் சாய்வாக வெட்டும்போது, மூங்கிலைச் சாய்த்து வெட்டினால் கிடைக்கும் ஈட்டி முனைதான் அதற்கும் கிடைக்கிறது. அந்த முனை பக்கத்துத் தோலைக் குத்தித் துளைக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்துச் சவரம் செய்தால், விட்டவுடன் வெட்டுப்பட்ட முடி உள்ளே பின்வாங்கிவிடும். தோல் மட்டத்துக்குக் கீழே போன அந்த முடி மறுபடி வளரும்போது, வெளியே வரும் வழியைத் தவறவிட்டு மயிர்க்காலின் சுவரையே குத்திக்கொண்டு பக்கவாட்டில் செல்கிறது. எப்படி நுழைந்தாலும் விளைவு ஒன்றுதான். உள்ளே வந்த முடியை உடம்பு அந்நியப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. காலில் சிலாம்பு ஏறினால் அந்த இடம் வீங்குகிறதே, அதே எதிர்ப்புத்தான் இங்கேயும். கிருமி பிறகு வந்து சேரலாம், ஆனால் தொடக்கம் கிருமி அல்ல. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் விழுங்கினால் ஏன் தீருவதில்லை என்பது இப்போது விளங்கும்.

உலகில் இந்தத் தொல்லை மிகுதியாக இருப்பது ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம். முடியின் அமைப்புக்குக் காரணமான கெரட்டின் புரதத்தின் மரபணு ஒன்றில் ஏற்படும் சிறு மாற்றம் இந்நோய்க்கான வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அமெரிக்க ராணுவத்தில் தினமும் மழிக்க வேண்டும் என்ற விதியால் கறுப்பின வீரர்கள் பட்ட பாடு 1970களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. 2020இல் அந்நாட்டு விமானப்படை, இந்த நோய் உள்ளவர்களுக்குத் தரும் சவர விலக்குச் சான்றை ஐந்து ஆண்டுகள் வரை செல்லும்படி நீட்டித்தது. அதற்கு முன்பே, 1993இல், ஊழியர்கள் தாடியே வைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்த ஒரு பீட்சா நிறுவனத்தின் வழக்கில், அந்த விதி கறுப்பின ஆண்களை மட்டும் பெருமளவில் பாதிக்கிறது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு கொப்புளத்துக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

நம் ஊரிலும் சுருட்டைத் தாடி உள்ளவர்கள் ஏராளம். காவல் துறையில், பாதுகாவலர் பணியில், ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர்கள் நாள்தோறும் வழவழவென்று மழித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய மேலதிகாரிகள் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். மருத்துவர் எழுதித் தரும் சான்றைச் சாக்குப்போக்காகக் கருதாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் முடியால் சீருடையின் மிடுக்குக் குறையாது.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு மண்டலம் சவரம் செய்வதில்லை. கார்த்திகை முதல் நாள் கழுத்து நிறையக் கொப்புளத்தோடு மாலை போட்டவர், தை பிறந்து வந்து நிற்கும்போது கழுத்து தெளிந்திருக்கும். விரதத்தின் பலன் என்று அவர் சொல்வார். அவருடைய நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் இந்த நோய்க்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் முதல் சிகிச்சையும் அதுவேதான்: குறைந்தது நான்கு வாரம் சவரத்தை நிறுத்துவது. தாடி முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த நீளம் வந்ததும் உள்ளே மாட்டியிருக்கும் முனையை முடி தானே வெளியே இழுத்துவிடுகிறது. முதல் வாரத்தில் மட்டும் கொப்புளம் கூடுவதாகத் தோன்றும். அதைக் கண்டு பயந்து மறுபடியும் பிளேடை எடுத்துவிடுகிறவர்கள் பலர். அந்த ஒரு வாரத்தைக் கடந்துவிட வேண்டும்.

தாடி விட முடியாதவர்களுக்கு டிரிம்மர் இருக்கிறது. தோலில் அழுத்தாமல், ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் முடியை விட்டு வெட்டுங்கள். கண்ணாடியில் லேசான நிழல் தெரியும், அவ்வளவுதான். அந்த நிழலை ஏற்றுக்கொள்கிறவருக்குப் பாதி நோய் அன்றே விலகிவிடும்.

பிளேடைத் தவிர வேறு வழியில்லை என்றால், முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். குளித்தபின் சவரம் செய்யுங்கள், முன்பு அல்ல. தண்ணீரில் ஊறிய முடி மென்மையாகிவிடும், வெட்டுவதற்கு அழுத்தம் குறைவாகப் போதும், முனையும் அவ்வளவு கூர்மையாக இராது. நுரையைப் பூசிய உடனே இழுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவைக்க வேண்டும். பிறகு முடி வளரும் திசையிலேயே பிளேடு போக வேண்டும். அந்தத் திசையை எப்படி அறிவது? இரண்டு நாள் வளர்ந்த தாடியின் மீது விரலை ஓட்டுங்கள். எந்தப் பக்கம் ஓட்டினால் சொரசொரப்பு இல்லையோ அதுவே திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் குழப்பம். பலருக்குத் தொண்டைக்கு அருகில் முடி கீழிருந்து மேலாகவோ பக்கவாட்டிலோ வளரும். எல்லா இடத்திலும் ஒரே திசையில் இழுப்பதால்தான் கழுத்தோரத்திலேயே கொப்புளங்கள் கூடுகின்றன.

மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று விற்கும் ரேசர்கள் இந்த நோய் உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. முதல் பிளேடு முடியைப் பற்றி இழுக்க, பின்னால் வரும் பிளேடு அதை மேலும் கீழே வெட்டிவிடும். விளம்பரத்தில் பெருமையாகக் காட்டப்படும் வழவழப்பு அதுதான். நமக்கு ஆகாததும் அதுதான். ஒற்றைப் பிளேடு ரேசர், அதுவும் மழுங்காதது, போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் அலசுங்கள், ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டாதீர்கள், கன்னத்தை உப்பவைத்தோ விரலால் இழுத்தோ பிடிக்காதீர்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்தால் எரிச்சல் அடங்கும். படிகாரக் கட்டி சிறு இரத்தக் கசிவை நிறுத்தும். ஆனால் கொப்புளம் உள்ள தோலை அது மேலும் உலர்த்தி எரிய வைக்கும், ஆகவே முகம் முழுக்கத் தேய்க்க வேண்டாம்.

சலூனுக்குச் செல்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: ஒரு முறை போதும், எதிர்ப்பக்கம் வேண்டாம், தோலை இழுக்க வேண்டாம். சவரம் செய்பவர் வேலையைச் சுத்தமாக முடித்துத் தர நினைக்கிறார். வாடிக்கையாளர் புறங்கையால் தடவிப் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் சொன்னால்தான் அவர் விடுவார். பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் பொருத்துவதை உங்கள் கண் எதிரில் செய்யச் சொல்லுங்கள். மரு, ஹெபடைட்டிஸ் பி போன்றவை ஒரே பிளேடால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்.

ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்ட முடியை என்ன செய்வது? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் பல முடிகள் தாமே மேலே வரும். வளையம் வெளியே தெரிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியின் முனையை அதற்கு அடியில் நுழைத்து நெம்பி, நுனியை வெளியே எடுத்துவிடலாம். எடுத்தால் போதும், பிடுங்கக் கூடாது. வேரோடு பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போது மயிர்க்காலுக்கு உள்ளேயே திசை மாறிக் குத்தத் தொடங்கும். வளையம் தெரியாத கொப்புளத்தை ஊசியால் தோண்டாதீர்கள், நகத்தால் கிள்ளாதீர்கள். தழும்பு நிலைத்துவிடும்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மருந்துக் கடையில் போய்க் கழுத்தைக் காட்டி, "இதற்கு ஏதாவது கிரீம் கொடுங்கள்" என்று கேட்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். அங்கே கையில் கிடைப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த கிரீம். இரண்டு நாளில் சிவப்பு மறையும், நிறமும் வெளுக்கும். மகிழ்ச்சியில் தினமும் பூசுவார்கள், தம்பிக்கும் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், முகமெங்கும் பரு கிளம்பும், படர்தாமரை இருந்தால் அது உருமாறிப் பரவும். நிறுத்தினாலோ முகம் தீப்பட்டதாக எரியும். கழுத்துக் கொப்புளத்துக்காகத் தொடங்கி, முகத்தையே கெடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. விதி இருக்கிறது, கடையில் கிடைப்பதும் நிற்கவில்லை. நீண்ட நாள் பூசிவிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் வாருங்கள்.

உண்மையில் பயன்படும் மருந்துகள் வேறு. இரவில் மெல்லியதாகப் பூசும் அடபலீன், துவாரத்தை அடைக்கும் இறந்த தோலை நீக்கும் சாலிசிலிக் அமிலம் அல்லது கிளைகாலிக் அமிலம், சீழ் இருந்தால் பென்சாயில் பெராக்சைடும் கிளிண்டாமைசினும் சேர்ந்த ஜெல். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகள் அடபலீன் பூசக் கூடாது. கொப்புளம் ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்புத் திட்டு நம் நிறத்தாருக்கு இயல்பு. மாதங்கள் எடுத்து மறையும். வெயிலில் அலைபவர்கள் சன்ஸ்கிரீன் பூசினால் சீக்கிரம் மறையும்.

பிடரியில், முடி முடியும் கோட்டில் வரும் கொப்புளங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இயந்திரத்தால் பிடரியை ஒட்ட வழிப்பவர்களுக்கு அவை ஒன்றுசேர்ந்து கெட்டியான தழும்பாகி, அங்கே முடியே முளைக்காமல் போகும். தொடக்கத்தில் வந்தால் மருத்துவர் போடும் ஊசியாலும் மருந்தாலும் அடக்கிவிடலாம்.

பெண்களுக்கும் இது வரும். வாக்சிங் செய்த காலில், அக்குளில், மறைவிடத்தில் வந்தால் கூச்சப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. மறைவிட முடியை மழித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சுகாதார விதியும் இல்லை. பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கும் முடியை அப்படியே விடலாம், தேவைப்பட்டால் டிரிம்மரால் வெட்டலாம், பிளேடு வேண்டாம் என்பதே 2016இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல். மோவாயில் தடித்த முடி வளர்ந்து, அதை நூலால் எடுத்து எடுத்துக் கறுத்துப்போன பெண்கள், மாதவிலக்கும் தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். அதற்கு வைத்தியம் பார்க்காமல் முடியை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எதற்கும் அடங்காதவர்களுக்கு லேசர் உண்டு. முடி குறைந்தால் குத்துவதற்கு ஆள் இல்லை. கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. வேறு சில லேசர்கள் நம் தோலைச் சுட்டுவிடக்கூடும். ஆகவே அழகு நிலையத்தில் சலுகை விலை என்று கேட்டுப் போகாமல், இயந்திரத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தோல் மருத்துவரின் மேற்பார்வையில் செய்துகொள்ளுங்கள். நாலைந்து வார இடைவெளியில் பலமுறை வர வேண்டியிருக்கும். நரைத்த முடியில் அது வேலை செய்யாது.

கொப்புளம் பெரிய கட்டியாகி வலியோடு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சவரம் நிறுத்தி ஆறு வாரம் ஆகியும் புதிது புதிதாகக் கிளம்பினாலோ அது வேறு நோயாக இருக்கலாம். தாடியில் பூஞ்சையும் வரும். சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருபவர்கள் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு போதும். வரும் அன்று காலையில் மட்டும் மழித்துக்கொண்டு வராதீர்கள். இரண்டு மூன்று நாள் தாடியோடு வந்தால்தான் முடி எங்கே நுழைகிறது என்பது எங்கள் கண்ணில் படும்.