மூளைக்குள் எது எதை இயக்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். இது பேச்சுக்கான இடம், இது பயத்துக்கான இடம், இது கணக்குக்கான இடம் என்று மூளையைப் பற்றிச் செய்திகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். எனக்குப் பல வருடங்களாக அக்கறை வேறொன்றில். அந்த இடங்களுக்கு இடையே என்ன நடக்கிறது? எது எதை இயக்குகிறது? அதைத் தெரிந்துகொள்ள, கணினியில் மூளைக்கு ஒரு மாதிரி, அதாவது மாடல், செய்து பார்க்கும் ஒரு துறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உங்களில் பலர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போயிருப்பீர்கள். தடதடவென்று சத்தம் போடும் அதே எந்திரத்தைக் கொண்டு, மூளையில் எந்த இடத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுகிறது என்றும் பார்க்கலாம். 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி இதற்கு வழி காட்டினார். ஓரிடத்தில் நரம்பு செல்கள் வேலை செய்தால் அங்கே புது ரத்தம் பாய்கிறது. ஆனால் உடனே இல்லை. அது உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். அதாவது, ஸ்கேனில் நாம் பார்ப்பது நரம்பு செல்களின் வேலையை அல்ல, அதற்குப் பின்னால் தாமதமாக வரும் ரத்தத்தை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1995இல் பரத் பிஸ்வால் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கிறார். அப்போதும், கைகளை இயக்கும் இடப்பக்க, வலப்பக்கப் பகுதிகள் இரண்டிலும் ஸ்கேனில் தெரியும் அளவு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகிறது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் இடங்களைத் தேட ஆரம்பித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் சேர்ந்து ஏறுவது வேறு, ஒன்று இன்னொன்றை ஏற்றுவது வேறு.

நம்ம சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நெரிசல், ஐந்து ரோட்டிலும் நெரிசல். அஸ்தம்பட்டி கூட்டம்தான் ஐந்து ரோட்டுக்கு வந்ததா, இல்லை அங்கிருந்து இங்கே வந்ததா? அல்லது அன்று முகூர்த்த நாள், ஊர் முழுக்கக் கல்யாணம், இரண்டும் தனித்தனியாக நிரம்பிவிட்டனவா? எத்தனை வண்டி என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து இறங்குகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அது எந்த வழியாக ஊருக்குள் நுழையும் என்று நமக்குத் தெரியும். கோரிமேடு, அப்புறம் அஸ்தம்பட்டி. நுழையும் இடம் தெரிந்துவிட்டால், அதன் பிறகு எது எங்கே பாய்கிறது என்று கணக்குப் போட முடியும்.

மூளையிலும் அதேதான். ஒரு சத்தத்தைக் கேட்கவைத்தால் அது செவிப்புலப் பகுதி வழியாகத்தான் புறணிக்குள், அதாவது மூளையின் மேலடுக்குக்குள், நுழையும் என்று தெரியும். அங்கிருந்து கணினியில் ஒரு மாதிரி கட்டுகிறோம். இந்தப் பகுதி அதைத் தூண்டுகிறது, அது இதை அடக்குகிறது என்று சமன்பாடுகள் எழுதுகிறோம். நாம் கட்டிய மாதிரி உண்மையானால் ஸ்கேனில் எப்படித் தெரிந்திருக்கும் என்று கணினியிடமே கேட்கிறோம். கணினி சொன்னதும் ஸ்கேனில் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். 2003இல் லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டன் குழுவினர் வெளியிட்ட முறை இது. முன்பு சொன்ன ரத்தத் தாமதத்தையும் அவர்கள் மாதிரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அது ரொம்ப முக்கியம். ஒரு பகுதியில் ரத்தம் சீக்கிரம் வரும், இன்னொன்றில் மெதுவாக வரும். ரத்தம் முதலில் வந்த இடம்தான் முதலில் வேலை செய்தது என்று நினைத்தால் தலைகீழான முடிவுக்கு வந்துவிடுவோம்.

இந்த ஆர்வம் எனக்கு வந்தது ஒரு கணினியால் அல்ல, எங்கள் பெரியப்பாவால். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சில் மட்டும் ஒரு விநோதம் தங்கிவிட்டது. பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு மழை வர்ற மாதிரி இருக்கு. இதை அப்படியே சொல்லுங்கய்யா" என்பார். பெரியப்பா சன்னலைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, குடை கொண்டாந்திருக்கியா?" என்று கேட்பார். சரி, ஒரே ஒரு சொல் கொடுப்போம் என்று "பட்டுநூல்" என்பார் அந்த அம்மா. "பத்து... பட்டுலூ... நூட்டு..." தப்பு என்று அவருக்கே தெரியும். கையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடியும் முயல்வார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே வருவார். சொன்னது புரிகிறது. சொந்தமாகப் பேசவும் வருகிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும்தான் வரவில்லை.

கேட்டுப் புரிந்துகொள்ளும் இடம் நன்றாக இருக்கிறது, பேசும் இடமும் நன்றாக இருக்கிறது. பிறகு என்ன கெட்டுப்போனது? ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874இலேயே இதை யோசித்திருக்கிறார். இரண்டு இடங்களும் நன்றாக இருந்து நடுவில் உள்ள பாதை மட்டும் அறுந்தால், அதற்கென்றே தனியாக ஒரு பேச்சுக் குறை இருக்க வேண்டும் என்று எழுதினார். திருப்பிச் சொல்ல முடியாமைதான் அதன் அடையாளம் என்று 1885இல் லிக்ட்ஹைம் என்ற இன்னொரு மருத்துவர் சேர்த்தார். அந்தப் பாதை மட்டுமல்ல, அதை ஒட்டிய புறணியும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று இன்று தெரிகிறது. இருந்தாலும் பாருங்கள், ஸ்கேன் இல்லை, கணினி இல்லை. வெர்னிக்கே மனசுக்குள் ஒரு மாதிரி கட்டி, ஒரு தொடர்பை அறுத்துப் பார்த்து, என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். இன்று நாம் கணினியில் செய்வது இதையேதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாம் பத்து மாதிரி எழுதிக் கொடுத்தால், அந்தப் பத்தில் எது சிறந்தது என்றுதான் கணினி சொல்லும். பதினோராவதாக ஒன்று உண்மையாக இருந்தால் அது போட்டியிலேயே இல்லை. மாணவர்கள் முடிவைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, எந்தெந்த மாதிரிகளை விட்டுவிட்டாய் என்றுதான். ஜெயித்த மாதிரியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எழுதாமல் விட்ட மாதிரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைக் கேட்காமல் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

பாதைகள் முழுக்கத் தெரிந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். 302 நரம்பு செல்கள் மட்டுமே உள்ள ஒரு சின்னப் புழுவின் இணைப்புகள் எல்லாம் 1986லேயே வரையப்பட்டுவிட்டன. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று அந்த வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் சொல்ல முடியவில்லை. நம் மூளையில் இருப்பது சுமார் 8,600 கோடி.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வலிப்பு நோயைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தால் அது அடங்குவதில்லை. அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனால் வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். பிரான்சில் மார்செய் நகரத்தில் விக்டர் யிர்சா குழுவினர், நோயாளியின் சொந்த ஸ்கேனிலிருந்தே அவருடைய மூளைத் தொடர்புகளை எடுத்து, கணினியில் ஒரு மாதிரி செய்து, அதில் வலிப்பை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அது அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு உதவுகிறதா என்று பார்க்க 2019இல் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். மூளையைத் தொடுவதற்கு முன்னால் எந்தத் தொடர்பை வெட்டினால் வலிப்பு நிற்கும் என்று மாதிரியில் வெட்டிப் பார்க்க முடிகிறது. வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.