ஏட்டில் இல்லாத ஜப்பான்

நடுவர் அவர்களே, வணக்கம். ஜப்பானின் வரலாற்றை அதிகம் சொல்வது ஏடுகளா, பொருள்களா என்பது தலைப்பு. நான் பொருள்களின் கட்சி. எதிரணி அம்மா 712இல் எழுதிய கோஜிகி, 720இல் எழுதிய நிஹோன் ஷோகி என்று இரண்டு பழைய வரலாற்று நூல்களைத் தூக்கிப் போட்டு, இவை இல்லாவிட்டால் ஜப்பானுக்கு வரலாறே கிடையாது என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரிங்கம்மா, எழுத வைத்தது யார்? அரண்மனை. அரண்மனை தன் வம்சத்தைச் சூரியதேவியிடமிருந்து தொடங்காமல் குயவர் வீட்டிலிருந்தா தொடங்கும்? அந்தக் குயவர்களோ, எழுத்து வருவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜோமோன் என்னும் கயிற்றுத் தடம் பதித்த பானை செய்து அதில் கஞ்சியோ மீனோ ஏதோ வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஏட்டில் ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம்.

அப்புறம் நாகசாகி. 1614இல் அப்போது நாட்டை ஆண்ட தோகுகாவா ராணுவத் தலைவர்களின் ஆட்சி நாடு முழுக்கக் கிறித்தவத்தைத் தடை செய்தது. அந்தப் பக்கத்து மக்கள் ஆண்டுதோறும் ஏசு, மாதா உருவம் பதித்த தகட்டை அதிகாரி முன்னால் மிதித்துக் காட்ட வேண்டும், அந்தத் தகட்டுக்கு ஃபுமி-எ என்று பெயர். மிதித்தால் தப்பிக்கலாம், பதிவேட்டில் பெயர் ஏதாவது ஒரு புத்தக் கோயிலின் கணக்கில் ஏறிவிடும். பதிவேட்டை மட்டும் படித்தால் ஊரே பௌத்தம்தான். ஆனால் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பித்தளைத் தகடுகளைப் பாருங்கள், கால் பட்டுப் பட்டு முகமே மழுங்கியிருக்கிறது. மிதித்தவர்களில் சிலர் வீட்டில் குழந்தையோடு இருக்கும் வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலை வைத்திருந்தார்கள். சோதனைக்கு வருபவனுக்கு அது பௌத்த தெய்வம், வீட்டுக்காரர்களுக்கு மாதா. எந்தக் கணக்குப்பிள்ளை இதை எழுதுவான்? 1865இல் பக்கத்து ஊரான உராகாமியின் விவசாயிகள் நாகசாகியின் ஓவுரா தேவாலயத்துக்கு வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெட்டிஜானிடம் நாங்களும் உங்கள் ஆட்கள்தான் என்று சொன்ன பிறகுதானே உலகத்துக்கே விஷயம் தெரிந்தது!

'எழுத்து இல்லாமல் அந்தச் சிலை மாதா என்று எப்படித் தெரியும்' என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்விதான். சிலை தானாகப் பேசாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஏழு தலைமுறையாகக் காப்பாற்றியது பெரும்பாலும் வாய்ச்சொல், தம்பி. எழுதி வைத்து மாட்டியிருந்தால் தலை போயிருக்கும்.

அடுத்து வருபவர் இனாரியாமா வாளைக் கையில் எடுப்பார், எனக்குத் தெரியும். 1968இல் ஒரு பழைய சமாதி மேட்டில் கிடைத்த துருப்பிடித்த வாள் அது, பத்து வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது தங்கத்தில் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. எழுத்துதானே, எங்கள் கட்சி என்பார். ஐயா, எழுதியிருந்தது வாளில். அது எங்கள் கணக்கு. மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன்.