நினைவை நம்பினால் மொய்ப்பண ஏடு எதற்கு?

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம். ‘நம் நினைவை நம்பலாமா, கூடாதா?’ என்பது தலைப்பு. கூடாது என்பது எங்கள் கட்சி.

முன்னால் பேசிய எதிரணித் தங்கை, “எங்கள் அப்பத்தா தன் கல்யாணத்தில் யார் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று இன்றைக்கும் ஒப்பிப்பார்கள்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அந்த மொய்ப்பண ஏட்டை ஏன் இன்னும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்? அப்பத்தா சொன்னால் போதாதா? இது நகரத்தார் ஊர் ஐயா! பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, பேரேடு, ஐந்தொகை என்று காசுக்குக் காசு எழுதியவர்கள். கல்யாணத்துக்கே இசைபிடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதி இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடுகிற ஊர். ஞாபகத்தை நம்பியா கடல் தாண்டிப் போய்க் கடன் கொடுத்தார்கள்?

சரி, எழுத்தும் நினைவும் மோதினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மோதவிட்டே பார்த்தார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வானில் சிதறியது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே இருந்தபோது, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். சுமார் இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வி. பலர் இடத்தை மாற்றினார்கள், சொன்ன ஆளை மாற்றினார்கள். அதையும் அடித்துச் சொன்னார்கள். பழைய தாளை எடுத்து நீட்டினால், கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது இது இல்லை என்றவர்களும் உண்டு! பங்காளி வழக்கில் பத்திரத்தைக் காட்டும்போது நாம் பார்ப்போமே, அதே முகம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூளை வேலை செய்கிற விதம் அப்படி. கல்யாண வீட்டின் காட்சி, நாதஸ்வரம், சமையல் வாசனை எல்லாம் மூளையின் மேலடுக்கான புறணியில் வெவ்வேறு இடங்களில் பதிகின்றன. அவற்றைக் கோத்துவைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி. நினைக்கும்போது முழுசாக ஒன்றும் வெளியே வருவதில்லை. துண்டுகளைச் சேர்த்துத் திரும்பக் கட்டுகிறோம்; விடுபட்ட இடத்தில் வேறொரு கல்யாணத்தில் பார்த்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்றும் உண்டு. 2000-இல் கரீம் நாடர் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் எலிகளுக்கு ஒரு பழைய பயத்தை நினைவூட்டி, உடனே மூளையில் புதிய புரதம் உண்டாவதைத் தடுத்தார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. எடுத்துப் பார்த்த நினைவு கொஞ்ச நேரம் இளகிக் கிடக்கிறது, மறுபடி இறுக அந்தப் புரதம் வேண்டும் என்று அர்த்தம். அப்பத்தா அந்தக் கதையை எத்தனை முறை எடுத்திருப்பார்கள்!

நினைவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்பத்தா கதை சொல்லட்டும், நாமும் உட்கார்ந்து கேட்போம். அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து வருகிற எதிரணி அண்ணன், நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லுவார். நடுவர் ஐயா, நீங்கள் எழுதி வைத்த தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் போதும்.