சுண்ணாம்புக்கல் நிலத்தில் மாற்றப்பட்ட நுண்ணங்கிகள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். மரபணு மாற்றப்பட்ட நுண்ணங்கிகளை நமது யாழ்ப்பாணத்து மண்ணில் விடுவதற்கு முன்னர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

மரபணு மாற்றம் என்றதும் பலருக்குச் சோளமும் சோயாவும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் அவற்றுக்கு முன்னரே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகளின் வழியாக மனிதரின் உணவுக்குள் வந்துவிட்டது. பாலைத் திரையச் செய்து பாற்கட்டியாக்கும் கைமோசின் என்ற நொதியத்தை முன்னர் இளங்கன்றுகளின் இரைப்பையிலிருந்தே எடுத்தார்கள். கன்றின் மரபணுவைப் பற்றீரியாவுக்குள் புகுத்தி உற்பத்தி செய்த கைமோசினுக்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அனுமதி வழங்கியது. பாண் மாவுடன் சேர்க்கப்படும் சில நொதியங்களும், விற்றமின் பி2 வில்லைகளில் ஒரு பகுதியும் இன்று இதே முறையில்தான் தயாராகின்றன.

இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நுண்ணங்கி மூடிய தொட்டிக்குள் வளர்கிறது. வேலை முடிந்ததும் அது கொல்லப்பட்டு வடிகட்டப்படுகிறது. நம்மிடம் வந்து சேர்வது அது உருவாக்கிய பொருள் மட்டுமே. சரியாகச் செய்தால் இது பாதுகாப்பான முறை என்பதே என் உறுதியான கருத்து. சரியாகச் செய்யப்பட்டதா என்பதைப் பார்ப்பதற்குத்தான் கண்காணிப்பு வேண்டும். 2014ஆம் ஆண்டில் ஜெர்மனியில், கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதற்காக இறக்குமதியான விற்றமின் பி2 தூளைப் பரிசோதித்தபோது, அதை உற்பத்தி செய்த மரபணு மாற்றப்பட்ட பற்றீரியாவே உயிருடன் அதில் காணப்பட்டது. அதனுள் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளுக்கு எதிர்ப்பைக் கொடுக்கும் மரபணுக்களும் இருந்தன. பற்றீரியாக்கள் தம் மரபணுக்களை அயலிலுள்ள வேறு இனப் பற்றீரியாக்களுக்கும் கொடுக்கக் கூடியவை. இறந்த கலத்திலிருந்து வெளியேறும் டிஎன்ஏயைக்கூடச் சில இனங்கள் உள்ளெடுத்துக்கொள்ளும். ஆகவே கொன்றுவிட்டோம் என்று சொல்வது போதாது. எதிர்ப்பு மரபணு இறுதிப் பொருளில் எஞ்சவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 2007 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. மரபணு மாற்றப்பட்ட உணவை இறக்குமதி செய்ய முன்அனுமதி பெற வேண்டும், 0.5 சதவீதத்துக்கு மேல் அத்தகைய கூறு இருந்தால் சுட்டுத்துண்டில் குறிப்பிட வேண்டும். இது நல்ல ஏற்பாடு. எனினும் இது உணவைப் பற்றியது. வயலில் இடும் உயிருள்ள நுண்ணங்கி வேறு விதமான கேள்விகளை எழுப்புகிறது.

யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரையே. செம்மண் படையும் பல இடங்களில் மெல்லியது. வெங்காயத் தோட்டத்தில் இடும் யூரியாப் பசளையிலிருந்து உருவாகும் நைத்திரேற்று என்ற உப்பு கிணற்றுக்குள் இறங்குவதைக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் நீண்ட காலமாகக் கண்டுவருகிறோம். வயலில் இடும் நுண்ணங்கிக்கும் அதே வழி திறந்திருக்கிறது. சுண்ணாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும் எவரும் மறந்திருக்க முடியாது.

எண்ணெயை உண்ணும் பற்றீரியாவைக் கிணற்றில் விட்டால் என்ன என்ற கேள்வி இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பு. விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி அத்தகைய ஒரு பற்றீரியாவை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை வழங்கலாம் என ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்தப் பற்றீரியா எண்ணெய்க் கசிவை அகற்றுவதற்காகத் திறந்த வெளியில் விடப்படவேயில்லை. ஆய்வுகூடத்தில் எண்ணெயை நன்றாக உண்ணும் பற்றீரியா, மண்ணில் ஏற்கெனவே வாழும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகளுடன் போட்டியிட்டு நிலைப்பதில்லை என்பது ஒரு சிக்கல். நிலைத்துவிட்டால் அதைத் திரும்ப அழைக்க வழியில்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

வேலை முடிந்ததும் தானாகவே இறக்கும்படி அவற்றை அமைக்கலாமே என்று கேட்கலாம். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் தானாக இறக்கச் செய்யும் அந்தப் பூட்டு, கலம் பெருகும்போது மரபணுவில் ஏற்படும் விகாரங்களால் பழுதடையலாம். பத்துக் கோடி கலங்களில் ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது என்பது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் வழிகாட்டி அளவு. மண்ணுக்கு வளமூட்ட இடும் உயிருள்ள நுண்ணங்கிகளைக் கொண்ட உயிர்ப்பசளையில், ஒரு கிராமில் பத்துக் கோடி பற்றீரியாக்கள் இருப்பது சாதாரணம். கணக்குப் பாருங்கள்: அந்தக் கடுமையான அளவை முற்றாக நிறைவேற்றிய பொருளிலும், ஒரு கிலோப் பொதியில் ஆயிரம் கலங்கள் வரை தப்பலாம். தப்பியவை பெருகவும் கூடும்.

2021இல் இரசாயனப் பசளைத் தடையின்போது வெளிநாட்டிலிருந்து சேதனப் பசளையை ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. அதன் மாதிரிகளில் பயிர்களுக்குக் கேடு செய்யக்கூடிய பற்றீரியா இருப்பதாக நமது தேசிய தாவரத் தொற்றுநீக்கச் சேவை அறிவித்தது. அது மரபணு மாற்றம் பற்றிய விவகாரமல்ல. ஆனாலும் இறக்குவதற்கு முன்னர் மாதிரியைப் பரிசோதிக்கும் ஆற்றலும், கண்டதைச் சொல்லும் துணிவும் நம் நாட்டு அலுவலர்களிடம் உண்டு என்பதை அது காட்டியது. அந்த ஆய்வுகூடங்களுக்கு ஆளணியும் கருவிகளும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

உயிருள்ள மாற்றப்பட்ட அங்கிகள் எல்லை கடப்பதை ஒழுங்குபடுத்தும் கார்த்தகேனா நெறிமுறையை இலங்கை 2004இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அங்கி விடப்படக்கூடிய சூழலின் தன்மையை இடர் மதிப்பீட்டில் கருத்திற்கொள்ளும்படி அந்த நெறிமுறை கூறுகிறது. இதை நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். வேறொரு நாட்டின் ஆழமான களிமண்ணில் செய்த சோதனை அறிக்கையை வைத்துக் குடாநாட்டுக்கு அனுமதி கொடுப்பது நெறிமுறைக்குப் பொருந்தாது. எந்த இனம், எந்த வகை, எந்த மரபணு புகுத்தப்பட்டது என்பது பொதியில் தமிழிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாரி மழை பெய்து நீர்மட்டம் உயரும் காலத்தில், நமது செம்மண்ணிலும் சுண்ணாம்புக்கல்லிலும், அயற்கிணற்று நீரை எடுத்துச் சோதித்த முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பின்னரே அத்தகைய பொருள் ஒரு தோட்டத்துக்குள் வர அனுமதிக்கப்பட வேண்டும்.

நன்றி, வணக்கம்.